அழிக்காமல் விட்ட ஒரு வரி

போன வாரம் உங்களில் ஒருவர் என்னைப் போனில் அழைத்தார். பெயர் சொல்ல மாட்டேன். நல்ல பிள்ளை, கேட்ட கேள்வியும் நல்ல கேள்வி. நம் கம்பெனி இயந்திரங்களில் காலையில் முதலில் ஓடுகிற கட்டளைத் தொகுப்பை, அதான் ஸ்கிரிப்டை, சுத்தப்படுத்திக்கொண்டிருந்தாராம். அதில் ஓரிடத்தில், முன்னால் ஒரு குறி போட்டு வேலை செய்யாமல் ஆக்கிய ஒரு வரி கிடக்கிறதாம். பக்கத்தில் என் இனிஷியல், முப்பது வருடத்துக்கும் முந்திய ஒரு தேதி, தவறு என்னுடையது என்று ஒரு குறிப்பு. "ஒண்ணுத்துக்கும் உதவல சார், எடுத்துடட்டுமா?" என்றார்.

நான் அப்போது மீன் அங்காடியில் நின்றிருந்தேன். ஒரு கையில் பை, எதிரே சங்கரா மீனுக்கு வாய்ச்சண்டை. அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், அது போனில் சொல்லி முடிகிற சமாசாரம் இல்லை. அதனால் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் படியுங்கள். பழையவர்களும் படிக்கலாம், ஒன்றும் குறைந்துவிட மாட்டீர்கள்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தேழு வயது. வைத்திக்குப்பத்தில் பிறந்து, கடலுக்குப் போகாமல் டிப்ளமா படித்துச் சேதராப்பட்டு எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனவன். நம் கம்பெனி அன்றைக்கு ஒரு தகரக் கூரை ஷெட், பன்னிரண்டு பேர். யூனிக்ஸ் ஜாடையில் இருந்த ஒரு சிஸ்டத்தை டேப்பிலிருந்து ஏற்றி, இயந்திரத்தோடு சேர்த்து விற்போம். இரண்டு இயந்திரங்களை ஒரு வயரால் இணைத்து, ஒன்றின் வட்டில் இருக்கிற ஃபைலை இன்னொன்றிலிருந்து தன் சொந்த ஃபைல் போலத் திறக்க வைப்பது அன்றைக்குப் பெரிய வித்தை. உங்களுக்குக் கொட்டாவி வரும். எங்களுக்கு அது முதல்முறை வேலை செய்த அன்று, ஷெட்டில் எல்லோருக்கும் முதலாளி பாதுஷா வாங்கிக் கொடுத்தார்.

அந்த வித்தையை நாங்கள் முதலில் விற்றது டவுனில் ஓர் அலுவலகத்துக்கு. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரண்டடி கனச் சுவர் உள்ள பழைய கட்டடம். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவேடுகள் எல்லாம் அங்கே அலமாரிகளில் இருந்தன. எவருக்காவது பாட்டனார் பிறந்ததற்குச் சான்று வேண்டுமென்றால் அங்கேதான் வரவேண்டும். புரட்டிப் புரட்டிக் காகிதம் பொடிந்துகொண்டிருந்தது. முழுக்கப் போவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று முடிவெடுத்திருந்தார்கள்.

ஏற்றியவர் லூர்துமேரி. அலுவலகத்தில் எல்லோருக்கும் மதாம், பிரெஞ்சில் அம்மா என்கிற மரியாதை. ஐம்பதை நெருங்கிய வயது, கன்னியர் பள்ளியில் படித்தவர். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கையெழுத்து, கொக்கியும் சுழியுமாக இருக்குமே, அதைப் பார்த்தவுடன் படிப்பார். வேறு யாராலும் முடியாது. ஆனால் மதாம் நிரந்தரப் பணியாளர் இல்லை, தினக்கூலி. ஏழு வருடமாகத் தினக்கூலி. அந்த வருடம்தான் தினக்கூலிக்காரர்களை நிரந்தரமாக்கப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. பேரில் ஒரு புகார்க் காகிதம் இருந்தால்கூடப் பட்டியலில் இடம் கிடையாது. இது எனக்கும் தெரியும், ஏனென்றால் அந்த அலுவலகத்தில் அந்த மாதம் வேறு பேச்சே இல்லை.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன இயந்திரம், மதாம் உட்கார்ந்து அடிப்பது அதில். மேல்மாடியில் பெரிய வட்டு உள்ள இயந்திரம், பதிவுகள் போய்ச் சேரவேண்டிய இடம் அது. கீழே பதிவுகளுக்கென்று ஒரு காலி டைரக்டரி வைத்திருந்தோம். காலையில் இயந்திரத்தைப் போட்டதும், மேல்மாடி வட்டை வயர் வழியே கொண்டுவந்து அந்தக் காலி டைரக்டரியின் மேல் சிஸ்டம் பொருத்திவிடும். அதன் பிறகு அந்தப் பெயரில் என்ன எழுதினாலும் மேலே போய்விடும். ஒரு காலித் தட்டின் மேல் இன்னொரு தட்டை வைத்த மாதிரி. சாப்பிடுகிறவர் கைக்கு மேல்தட்டுதான் எட்டும், அடித்தட்டில் ஏதாவது கிடந்தாலும் தெரியாது. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் மேல்மாடி இயந்திரத்தைப் போடவேண்டும், பிறகு கீழே. மாற்றிப் போட்டால் வட்டு பொருந்தாது, பதிவு புரோகிராம் ஆங்கிலத்தில் ஏதோ திட்டிவிட்டு நின்றுவிடும். உடனே எனக்குப் போன் வரும். நான் சேதராப்பட்டிலிருந்து உச்சி வெயிலில் மொபெட்டில் வந்து, இரண்டையும் அணைத்துவிட்டு வரிசையாகப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். ஒரே மாதத்தில் மூன்று முறை. மூன்றாவது முறை தலை கொதித்துப்போய் ஷெட்டுக்கு வந்து, ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். மேல்மாடி வட்டு வரவில்லையா, பரவாயில்லை, அந்தக் காலி டைரக்டரிக்குள்ளேயே வேண்டியதை உண்டாக்கிக்கொண்டு புரோகிராமை ஆரம்பித்துவிடு. அதுதான் அந்த வரி. கொஞ்ச நேரத்தில் மேல்மாடி இயந்திரம் எழுந்ததும் வட்டு தானாகப் பொருந்திக்கொள்ளும் என்று கணக்கு. பொருந்தும்போது அடியில் இருப்பது என்னாகும் என்று யோசிக்கவே இல்லை.

போன் வருவது நின்றுவிட்டது. முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார். தொந்தரவு நின்றால் கோளாறும் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிற வயது எனக்கு. உங்களில் சிலருக்கும் அந்த வயதுதான், அதனால்தான் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்.

வயரைப் பற்றியும் சொல்லவேண்டும். இரண்டடிச் சுவரில் துளை போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் கீழ் அறையின் சன்னல் வழியே வெளியே எடுத்து, சுவரோரமாக ஏற்றி, மேல்மாடிச் சன்னலுக்குள் விட்டோம். நடுவில் ஓர் இணைப்பு சன்னலுக்கு வெளியே வந்துவிட்டது. அதன் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டு வந்தேன். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் பித்தளையை வெளியே விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் குப்பத்தில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் ஊரில் தெரிந்ததெல்லாம் எனக்கு மறந்துபோய்விடும், அப்படி ஒரு மிதப்பு.

ஐப்பசி மழை ஆரம்பித்த வாரம். செவ்வாய்க்கிழமை காலை மதாம் போன் செய்தார். "தம்பி, நம்பரு மறுபடி ஒன்னுலேர்ந்து வருதுப்பா. நேத்து முந்நூத்தி சொச்சத்துல விட்டேன்."

நான் அப்போது ஒரு போர்டில் சால்டரிங் செய்துகொண்டிருந்தேன். இன்றைக்குப் புதுப் புத்தகம் ஆரம்பித்தீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அதனால்தான், புதுப் புத்தகத்துக்குப் புது எண், நீங்கள் பாட்டுக்கு அடியுங்கள் என்றேன். புரோகிராமில் அப்படி எதுவும் கிடையாது. வாயில் வந்ததைச் சொன்னேன். அவரும் "அப்பிடியா, சரிப்பா" என்று வைத்துவிட்டார். நம் தொழிலில் தெரியாது என்று சொல்ல நமக்கு வெட்கம், அந்த வெட்கத்துக்கு விலை கொடுப்பது வேறு யாரோ.

அந்தப் புதுப் புத்தகம் சாதாரணப் புத்தகம் இல்லை. கரையோரக் கிராமங்களின் பழைய பிறப்புப் பதிவு, அப்பளம் மாதிரி நொறுங்கும். இது இன்னும் ஒரு வருடம் தாங்காது, முதலில் இதை அடித்துவிடுங்கள் என்று அலுவலகப் பொறுப்பிலிருந்த சூப்பரிண்டெண்ட்தான் மதாமிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். மதாம் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைப் பக்கத்துக்கு அடியில் விட்டு மெல்லப் புரட்டுவார். ஒரு பக்கம் புரண்டால் அதன் ஓரம் கையோடு வந்துவிடும். உதிர்ந்த துண்டுகளைப் பக்க எண் எழுதிய கவரில் போட்டு வைப்பார். ஒருமுறைதான் புரட்ட முடியும், மறுபடி படிக்க அங்கே எதுவும் மிஞ்சாது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அந்தப் புத்தகத்தைத்தான் அடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை இயந்திரத்தைப் போட்டால், எண் திங்கட்கிழமை விட்ட இடத்திலிருந்து வருகிறது. மூன்று நாள் வேலை ஒன்றுமே இல்லை. அதே நேரத்தில் மேல்மாடியில் சூப்பரிண்டெண்ட் வாரப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துப் பார்க்கிறார், திங்கட்கிழமையோடு நிற்கிறது. அடுத்த திங்கட்கிழமை மேலதிகாரி ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்வையிட வருவதாக இருந்தது. சூப்பரிண்டெண்ட் கெட்டவர் இல்லை, ஆனால் அன்றைக்கு அவருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே வந்து பார்த்தார். மேசையில் பாதி நொறுங்கிய புத்தகமும் துண்டுகள் நிறைந்த கவர்களும்தான் இருந்தன. நான் போய்ச் சேர்வதற்குள் மெமோ டைப் ஆகிவிட்டது. மூன்று நாள் வேலை செய்யவில்லை, பழம்பதிவேடு ஒன்றைச் சேதப்படுத்தினார், விளக்கம் தேவை. ஒரு நகல் அடுத்த கட்டடத்தில், நிரந்தரப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்த பணியமைப்புப் பிரிவுக்கும் போய்விட்டது.

நான் இரண்டு இயந்திரங்களிலும் தேடினேன். மேலே இல்லை, கீழேயும் இல்லை. வயர் நன்றாக இருந்தது, வட்டு ஒழுங்காகப் பொருந்தியிருந்தது. சூப்பரிண்டெண்ட் என் தலைக்கு மேல் நின்றுகொண்டு கேட்டார்.

"ஒரே கேள்விதான் சார். மெஷின் தப்பா, ஆளு தப்பா?"

"மெஷின் சரியாதான் சார் இருக்குது" என்றேன்.

மதாம் என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை என்று நீங்கள் சொல்லலாம், அந்த நிமிடத்தில் இயந்திரம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை போன் எனக்கு ஞாபகம் இருந்தது. அது உள்ளே உறுத்தியது, அதை நான் அமுக்கினேன். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை எந்தச் சிக்கலும் வரக் கூடாது, கீழே இருக்கும் இயந்திரத்தில் சிஸ்டத்தை அடியோடு புதிதாக ஏற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சூப்பரிண்டெண்ட் சாப்பிடப் போனார். எனக்கும் அதுவே சௌகரியமாகப் பட்டது. எதைச் செய்வதென்று தெரியாதபோது ஏதாவது பெரிதாகச் செய்தால் வேலை தெரிந்தவன் மாதிரி இருக்கும். டேப்பைப் போட்டேன். இந்த வட்டில் உள்ள எல்லாம் அழிக்கப்படும், சம்மதமா என்று திரையில் கேள்வி வந்தது. ஒய் என்ற எழுத்தை அடிக்கவேண்டியதுதான் பாக்கி.

மதாம் சாப்பிடப் போகவில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து, நொறுங்கிய புத்தகத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு, நான்கு மூலையிலும் கனத்துக்குப் பேப்பர்வெயிட் வைத்துக்கொண்டிருந்தார். டிபன் டப்பா திறக்காமல் கிடந்தது. வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை.

"தம்பி, ஒன்னு கேக்கறேன், கோச்சிக்காத" என்றார். "செவ்வாக்கிழமைலேர்ந்து நேத்து வரைக்கும், ஒவ்வொரு தடவ சேவ் போடறப்பவும் என் கால்கிட்ட இந்தப் பொட்டி கரகரன்னு சத்தம் போட்டுச்சு. அதுக்கு முன்ன போட்டதே இல்ல. இன்னிக்கும் போடல. அது ஏன்?"

என் விரல் விசை மேல் இருந்தது. அப்படியே எடுத்துவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். பதிவுகள் எல்லாம் வயர் வழியே மேல்மாடிக்குப் போவதாக இருந்தால், கீழே இருக்கும் பெட்டியின் வட்டுக்கு அங்கே என்ன வேலை? சத்தம் போட்டிருக்கிறது என்றால் எதையோ எழுதியிருக்கிறது. மூன்று நாள் எழுதியிருக்கிறது. நம்பர் ஒன்றிலிருந்து வருகிறது என்று அவர் முதல் நாளே சொன்னாரே, காலி டைரக்டரியில் ஆரம்பித்தால் ஒன்றிலிருந்துதானே வரும்? நான் வட்டை அழிக்கப் போனேனே, அந்த வட்டில்தான் அவருடைய மூன்று நாளும் இருந்தது. டேப்பை வெளியே எடுத்து என் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன், மறுபடி தவறிப்போய் அதைப் போட்டுவிடுவேனோ என்று பயம்.

இயந்திரத்தைத் திரும்ப எழுப்பிக் கணக்குப் பார்த்தேன். வட்டு இவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சிஸ்டம் சொன்னது ஒன்று, கண்ணுக்குத் தெரிகிற ஃபைல்களை எல்லாம் கூட்டினால் வந்தது இன்னொன்று. நன்றாகவே துண்டு விழுந்தது. மேல்தட்டாக இருந்த மேல்மாடி வட்டைக் கட்டளை கொடுத்துக் கழற்றப் பார்த்தேன், முடியாது, உபயோகத்தில் இருக்கிறது என்றது. யார் உபயோகிக்கிறார்கள் என்று ஐந்து நிமிடம் தேடினால், அந்த டைரக்டரிக்குள் நின்றுகொண்டிருந்தவன் நான்தான். பதற்றத்தில் அதுகூடத் தெரியவில்லை. வெளியே வந்து, கழற்றி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். இருந்தது. செவ்வாய், புதன், வியாழன், மூன்று ஃபைல். முதல் ஃபைலைத் திறந்ததும் ஒரு குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், ஊர் பிள்ளைச்சாவடி.

மதாம் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "இதுதான்பா மொத பக்கம்" என்றார். பிறகு போய்ச் சேரில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்போதுதான் அழுதார். நான் மூன்றையும் மேல்மாடிக்கு நகல் எடுத்தேன், டேப்பிலும் எடுத்தேன். பிறகு சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். இணைப்பின் பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, அங்கேதான் தொடர்பு அறுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை மழைச் சாரலுக்குப் பியூன் சன்னல் கதவை இறுக்கிச் சாத்தியிருக்கிறார், வயர் அழுந்தி ஒட்டிக்கொண்டு உயிர் வந்திருக்கிறது. மூன்று நாளும் வயர் உயிரில்லாமல் கிடக்கிறது என்று சொல்ல வேண்டிய புரோகிராமின் வாயை என் ஒரு வரி அடைத்துவிட்டது.

சூப்பரிண்டெண்ட் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு உயிர் வந்தது. "கெடைச்சுதில்ல, விடுங்க சார்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மதாமைப் பார்த்து, நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். மெமோவைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று நான் கேட்டேன். நகல் போய்விட்டது, அனுப்புப் பதிவேட்டில் எண் ஏறிவிட்டது, கிழித்தால் அது வேறு குற்றம், எல்லாம் நாளடைவில் சரியாகிவிடும் என்றார். நாளடைவில் என்றால் என்ன என்று ஏழு வருடம் தினக்கூலியாக இருந்தவருக்குத் தெரியாதா?

மதாம் அலமாரியைத் திறந்து வேறொரு பதிவேட்டை எடுத்து வந்து விரித்தார். ஒரு பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் நான்கைந்து வரி, கீழே கையெழுத்து. சூப்பரிண்டெண்டை அவர் முசியே என்றுதான் கூப்பிடுவார், பிரெஞ்சில் ஐயா.

"இதப் பாருங்க முசியே. இந்தப் புள்ளையோட அப்பா பேர தப்பா எழுதிட்டாங்க. கிழிச்சாங்களா? மை ஊத்தி மூடினாங்களா? இன்னது தப்பு, இன்னது சரின்னு ஓரத்துல எழுதி, எழுதினவரு கையெழுத்துப் போட்டிருக்காரு. எனக்கும் அந்த மாதிரி எழுதிக் குடுங்க. அது போதும்."

இதற்கு விதி கிடையாது என்று சூப்பரிண்டெண்ட் இழுத்தார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், தாழ்ந்த குரலில் சொன்னார். நீங்கள் எழுதினால் திங்கட்கிழமை வருகிறவர் அதைப் படிப்பார், இன்னும் எட்டு இயந்திரம் வாங்குவதாக இருக்கிற ஆர்டர் உங்கள் கம்பெனிக்கு நிலைக்காது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அந்த ஆர்டரை நம்பித்தான் முதலாளி பக்கத்து ஷெட்டையும் வாடகைக்கு எடுத்திருந்தார். நான் அவருக்குப் போன் போட்டேன். லைன் எங்கேஜ். மறுபடி போட்டேன், எங்கேஜ். மூன்றாவது முறை டயல் சுற்றும்போதே, லைன் கிடைக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. கிடைத்தால் அவர் வேண்டாம் என்பார், நானும் சரி என்றுவிடுவேன். ரிசீவரை வைத்துவிட்டேன்.

உள்ளே வந்து மெமோவின் ஓரத்தில் எழுதினேன். மூன்று நாள் பதிவுகள் காணாமற்போனதற்குக் காரணம் ஸ்கிரிப்டில் நான் சேர்த்த ஒரு வரி. இவர் வேலை செய்திருக்கிறார். முதல் நாளே என்னிடம் சொல்லியும் இருக்கிறார், நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது. கையெழுத்துப் போட்டேன்.

சூப்பரிண்டெண்ட் அதை இரண்டு முறை படித்தார். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அதற்குக் கீழே எழுதினார். மேற்படி பதிவேட்டை அதன் நிலை தெரிந்தே பதியச் சொன்னது நான். அவரும் கையெழுத்துப் போட்டார். நான் அவரிடம் அதை எதிர்பார்க்கவே இல்லை. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய பதிவேட்டைச் சரிபார்ப்பது போலவே விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். நன்றி சொல்வார் என்று நான் நினைத்தேன்.

"ரெண்டு பேருமே தேதி போடல" என்று திருப்பிக் கொடுத்தார்.

போட்டோம். பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் அடுத்த கட்டடத்துக்குப் போய், நகலிலும் அதே போல எழுதினோம். இப்படி ஒரு வழக்கமே இல்லை என்று அங்கிருந்த குமாஸ்தா முணுமுணுத்தார். மதாம் அவர் மேசையிலேயே நின்று, காகிதம் கோப்புக்குள் போகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

எட்டு இயந்திர ஆர்டர் இரண்டாகச் சுருங்கியது. முதலாளி என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை, பிறகு டவுன் பக்கமே போகாதே என்று போர்டு சோதிக்கிற மேசையில் உட்கார வைத்தார், ஒன்றரை வருடம். அடுத்த சித்திரையில் பட்டியல் வந்தது. மதாம் பெயர் அதில் இருந்தது. எனக்குப் போன் செய்து, பெயரையும் எண்ணையும் படித்துக் காட்டிவிட்டு, "சத்தம் ஏதும் வரல தம்பி, எல்லாம் மேலதான் போவுது" என்று சிரித்தார்.

போர்டு மேசைக்குப் போவதற்கு முன்னால் ஸ்கிரிப்டைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வட்டு பொருந்தவில்லை என்றால் புரோகிராம் நிற்கும், திரை முழுக்கத் தமிழில் சொல்லிவிட்டு நிற்கும் என்று மாற்றினேன். பழைய வரியை அழிக்கப் போனேன், முடியவில்லை. முன்னால் ஒரு குறி போட்டு, ஓரத்தில் எழுதி, இனிஷியலும் தேதியும் போட்டு விட்டுவிட்டேன். அந்த ஸ்கிரிப்டைத்தான் இயந்திரத்துக்கு இயந்திரம் நகல் எடுத்து, உங்கள் கை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டீர்கள். ஸ்கிரிப்ட் இப்போது உங்களுடையது, எனக்கு அதில் பாத்தியதை எதுவும் இல்லை. எடுப்பதானால் தாராளமாக எடுங்கள். ஆனால் யார் எடுத்தது, எதற்காக எடுத்தது என்று பக்கத்தில் எழுதி, உங்கள் பெயரைப் போடுங்கள். தேதியை மறந்துவிடாதீர்கள்.